ரெண்டு இஞ்சு கொறச்சு

உக்காரு தாயி, இடம் இருக்கு. நான் சன்னலோட ஒட்டிக்கிடுறேன். என்ன ஒட்டுனாலும் எங் காலு உன் பக்கம் செத்த வரத்தான் செய்யும், தப்பா எடுத்துக்காத. ஒருநா ஒரு கண்டக்டர், "அக்காவுக்கு ரெண்டு டிக்கெட்டாக் கிழிக்கவா"ன்னு கேட்டான். பஸ்ஸே சிரிச்சுச்சு. நானும் சேந்து சிரிச்சேன். வேற என்ன செய்ய?

பாக்காத மாதிரி பாக்குற பாத்தியா, அது எனக்குத் தெரிஞ்சிரும். பாக்குறவுகளப் பாத்துப் பாத்தே முப்பது வருசம் போயிருச்சு. யானைக்கால் இல்ல தாயி. பயப்படாத, ஒட்டாது. யானைக்கால்னா பாதமும் சேந்து வீங்கும். எம் பாதத்தப் பாரு... இல்ல, வேண்டாம், பாக்காத. சின்னப் புள்ள பாதம் மாதிரி இருக்கும், செருப்பு அஞ்சாம் நம்பர்தான். கணுக்கால் வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. அதுக்கு மேலதான் புடிச்ச சனியன்.

நான் மதுரை ஆசுபத்திரிக்குப் போறேன். இல்ல, சீரியஸ் எல்லாம் ஒண்ணுமில்ல. எம் மக அங்கன காத்துக்கிட்டு இருக்கா. அவளுக்காகத்தான் போறேன். அவ பிடிவாதத்துக்காகத்தான்னு வையி. சொன்னா நீயே நியாயம் சொல்லுவ.

எம் பேரு சண்முகக்கனி. கோவில்பட்டியில கனி டைலர்ன்னா தெரியும். ஊருல பாதிப் பொம்பளைக அளவு எம் மண்டைக்குள்ளதான் இருக்கு. டேப்ப இடுப்புல சுத்துனதும் வயித்த எக்குவாளுக பாரு! "ஏட்டி, மூச்ச விடு. டேப்பு யார்கிட்டயும் போயி கோள் சொல்லாது. நீ பொய்யா எக்கி நின்னா நாளைக்குப் பக்கத் தையல்ல கிழியும், அப்புறம் கனி தச்சது சரியில்லம்ப"ன்னு வைவேன். வஞ்சாலும் எங்கிட்டதான் வருவாளுக. ஒருத்தி கூச்சமும் எனக்குப் புரியாது. அளவுதான, அதுல என்னட்டி வெக்கம்னு கேப்பேன்.

எனக்கு இது வயசுக்கு வந்த வருசம் ஆரம்பிச்சது. மேல ஒடம்பு ஒல்லி. இன்னைக்கும் ஜாக்கெட்டு முப்பத்திரெண்டுதான். இடுப்புக்குக் கீழ வேற ஒருத்திய ஒட்டி வச்ச மாதிரி. பெருசா இருக்குன்னு மட்டும்னா கூட சேலையப் போட்டு மூடிட்டுப் போயிறலாம். வலிக்கும் தாயி. பேசாம ஒரு கைய வச்சு அழுத்துனாலே வலிக்கும். கட்டில் கால்ல லேசா இடிச்சாப் போதும், ஒரு வாரத்துக்கு நீலமாக் கெடக்கும். ஒருக்கா பக்கத்து வீட்டு சரசக்கா அந்த நீலத்தப் பாத்துட்டு, "காளிராசு அடிக்கானாட்டி"ன்னு காதுக்குள்ள கேட்டா. எங்கூட்டு மனுசன் ஈ எறும்பக் கூட அடிக்க மாட்டாரு. கடலை மிட்டாய்க் கம்பெனியில பாகு காச்சுறாரு, வருவாரு, சாப்பிடுவாரு, படுப்பாரு. நான் என்ன சொன்னேங்கிற? "ஆமாக்கா, கோவம் வந்தா அடிச்சிருவாரு"ன்னு சொல்லிட்டேன். சீக்குக் காலுன்னு சொல்றதுக்கு இது எம்புட்டோ மேல்னு தோணுச்சு. சரசக்கா ஏன் தன்னையக் கண்டாலே மூஞ்சியத் திருப்புறான்னு அவரு இன்னைக்கு வரைக்கும் முழிச்சுக்கிட்டுத் திரியுறாரு, பாவம்.

கொறைக்கிறதுக்கு நான் பாக்காத வேலை இல்ல. கொள்ளுத் தண்ணி குடிச்சேன். ராத்திரிச் சோத்த விட்டேன். செவ்வா வெள்ளி வெரதம், சாமிக்குன்னு வெளிய சொல்லிக்கிட்டேன். சாமிக்குத் தெரியும் அது யாருக்குன்னு. மூஞ்சி வத்திப் போச்சு, கன்னம் ஒட்டிப் போச்சு, காலு மட்டும் அப்படியே கல்லாட்டம் நின்னுச்சு. டாக்டருகிட்டப் போனா, "வாயக் கட்டுங்கம்மா"ன்னு ஒரே பாட்டு. பட்டினியால கெறங்கிப் போயி உக்காந்திருக்கேன், என்னையப் பாத்து வாயக் கட்டுங்கிறாக. தலையாட்டிட்டு வந்துட்டேன்.

எம் மக பொன்மாரி. ஒத்தப் புள்ள. மதுரையில லேப் டெக்னீசியன் படிக்கா, ஆஸ்டல்ல இருக்கா. அவதான் கண்டுபுடிச்சா. அவுக ஆசுபத்திரிக்கு ஒரு டாக்டரம்மா வருவாகளாம், அவுககிட்டப் போயி எங் காலப் பத்திச் சொல்லியிருக்கா. எனக்கு எப்படி இருக்கும், சொல்லு? ஊரு பேரு தெரியாத ஒருத்திகிட்ட எங் காலப் பத்திப் பேசிட்டு வந்து நிக்கா. ஒரு வாரம் நான் அவகூடப் பேசல. அப்புறம் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுத்தான் போனா.

டாக்டரம்மா தொட்டுப் பாத்தாக. மெதுவா, பூவத் தொடுற மாதிரி. "இதுக்குப் பேரு லிப்பிடீமாம்மா. நீங்க தின்னு வந்தது இல்ல இது. கொழுப்புதான், ஆனா பட்டினி கெடந்தா கரையுற கொழுப்பு இல்ல. வம்சத்துல பொம்பளைகளுக்கு வரும்"னாக. சொல்லி முடிக்கல, எனக்குப் பொங்கிருச்சு. நான் விட்ட சோறெல்லாம் கண்ணு முன்னால வந்துச்சு. கட்டுன சேலைத் தலைப்ப வாயில பொத்திக்கிட்டு அழுதேன்.

அந்தம்மா சும்மா இருக்காம பொன்மாரியப் பாத்து, "உனக்கும் ஒருதடவை பாத்துக்கிடுவமா பாப்பா?"ன்னு கேட்டாக. நான் விடுவனா? "அய்யோ, அவளுக்கு ஒண்ணும் கிடையாது டாக்டரம்மா, ஆஸ்டல் சோத்துல பூசுனாப்ல இருக்கா, அம்புட்டுத்தான்"னு பட்டுன்னு சொல்லிட்டேன். கல்யாணம் ஆகவேண்டிய புள்ள, இல்லையா? புள்ளையும் துப்பட்டாவ மடியில இழுத்துவிட்டுக்கிட்டு தலையக் குனிஞ்சுக்கிட்டா.

அப்புறம் கீழ ஒரு ரூம்புக்கு அனுப்புனாக. ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு, கால இறுக்கிப் புடிக்கிற பிரஷர் சாக்ஸுக்கு அளவெடுக்கிறது அவதான். ரெண்டு தினுசு எடுத்து மேசையில போட்டா. ஒண்ணு மெல்லிசு, வழுவழுன்னு இருக்கு. இன்னொண்ணு கெட்டி, பின்னால ஒரு தையல் ஓடுது. துணி பழகுன கை பாரு, தன்னால மெல்லிசுக்குத்தான் போச்சு. "அது உங்களுக்கு ஆகாதும்மா. அது குழாயா வட்டமாப் பின்னுனது. உங்க காலு ஏறி எறங்குது, மடிப்புக்குள்ள போயி அறுக்கும், முட்டிக்குக் கீழ சுருண்டுக்கிடும்"னா. அவ சொன்னது நெசம். அதுக்கு முன்னாடியே நான் ஒரு மெடிக்கல்ல ரெடிமேடா ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன். நம்மூர்ல வாங்குனா தெரிஞ்சிரும்னு சாத்தூர் போயி வாங்குனேன். ஒரு பொழுது போட்டதுக்கே கவுறு கட்டி இழுத்த மாதிரி தடம் விழுந்துருச்சு.

"கெட்டித் துணிதாம்மா உங்களுக்கு. செவரு மாதிரி நின்னு தாங்கும். ஒவ்வொரு எடமா அளவெடுத்து உங்க ஒருத்தருக்குன்னே பின்னி வரும். காலு மெலிஞ்சிரும்னு நெனச்சுக்கிடாதீங்க, அது நடக்காது. பாரம் கொறையும், வலி கொறையும். மெஷின்ல உக்காந்தும் எந்திரிச்சும் வேலை பாக்குறீங்கல்ல, அதுக்கு ஒத்தாசையா இருக்கும்"னா. எனக்கு அது போதும்ல. சாயந்திரமானா பெடல மிதிக்க முடியாம ஒரு கையால தொடையத் தூக்கி வச்சு மிதிக்கிறவ நான்.

அப்புறம் ஆயிரம் கேள்வி. இடுப்பு வரைக்கும் வேணுமா, தொடையோட நிக்கணுமா. வெரலு மூடியா, தெறந்தா. நம்ம வெயிலுக்கு வெரலு தெறந்து இருக்கட்டும்னு அவளே சொன்னா. எங் காலுக்கு இடுப்பு வரைக்கும் இருந்தாத்தான் எறங்காதுன்னும் சொன்னா. கலரு என்ன வேணும்னா. தோல் கலருன்னு ஒண்ணக் காட்டுனா, ரோஸா இருக்கு. யாரு தோலு தாயி அது? நம்மள்ல யாருக்கு அப்படி இருக்கு? கறுப்பே போடுன்னுட்டேன். அம்புட்டு நேரமும் நல்லாத்தான் போச்சு. எனக்கே ஒரு உற்சாகம், பட்டுச்சேலை எடுக்கிற கணக்கா துணியத் தடவித் தடவிப் பாத்தேன்.

"சரிம்மா, சேலையக் கழட்டிட்டு இந்தப் பலகை மேல வந்து நில்லுங்க"ன்னா.

கட்டுன புருசன் முன்னால நான் அப்படி நின்னதில்ல தாயி. வெளக்கு எரியுறப்ப நின்னதே இல்ல.

நான் இதுக்குத் தயாராத்தான் போயிருந்தேன். தொடை ஒரசாம இருக்க பாவாடைக்குள்ள போடுறதுக்கு நானே தச்ச பேண்ட்டு ஒண்ணு உண்டு. அதப் பையில இருந்து எடுத்தேன். "இந்தா தாயி, அளவு பேண்ட்டு. இத வச்சுத் தச்சிரு"ன்னேன். ஏன் சிரிக்க? நீ மட்டும் அளவு ஜாக்கெட்டு இல்லாமயா டைலர் கடைக்குப் போற? ஜெசிந்தாவும் இப்படித்தான் சிரிச்சா. "துணியோட அளவு ஆகாதும்மா. வெறுங்கால்ல வேணும். நின்னுக்கிட்டு எடுக்கணும், காலையிலயே எடுக்கணும், வீங்குறதுக்கு முன்னால. ஒரு இஞ்சு தப்புனாலும் எடுபடாது"ன்னா.

ஒரு இஞ்சுக்கு எனக்குப் பாடம் எடுக்கா! "நானும் டைலர்தான் தாயி. எங்கெங்க எடுக்கணும்னு படம் போட்டுக் குடு, வீட்டுல வச்சு எடுத்து எம் மககிட்ட போன்ல சொல்றேன், அவ உங்கிட்ட எழுதித் தருவா"ன்னேன். அவளுக்கு மனசே இல்ல. பொன்மாரிதான், "எங்கம்மா நல்லா அளவெடுப்பாங்க அக்கா"ன்னு எனக்காகப் பேசுனா.

சாத்தூர் வந்துருச்சா? வெள்ளரிக்கா வேணுமா உனக்கு? எனக்கு வேண்டாம். பஸ்ல நான் எதையும் திங்க மாட்டேன். இந்த ஒடம்ப வச்சுக்கிட்டுத் திங்குறா பாருன்னு நெனப்பாக.

பொன்மாரியப் பத்திச் சொல்லணும், அப்பத்தான் உனக்கு விளங்கும். அந்தப் புள்ளைய நான் பொத்திப் பொத்தி வளத்தேன். நான் கேட்ட பேச்சு அது காதுல விழக்கூடாதுன்னு எம்புட்டுப் பாடு பட்டேன்! பள்ளிக்கூடத்துல கோ-கோ நல்லா ஆடுவா, சின்னதுல காத்தா ஓடுவா. வயசுக்கு வந்ததும் காலு லேசா ஒரு மாதிரியாத் தெரிஞ்சுச்சு. டவுசரு போட்டு ஆடணும்னாக. மறுநாளே நிப்பாட்டிட்டேன். பி.டி. டீச்சர் வீடு தேடி வந்து கெஞ்சுச்சு. "அவளுக்கு மூச்சு எளைப்பு டீச்சர்"னு சொல்லி அனுப்புனேன். பாவாடை, பேண்ட்டு எல்லாம் கணுக்கால மூடித் தரையத் தொடுற மாதிரி நானே தச்சேன். போட்டோ எடுத்தா, "நாற்காலிக்குப் பின்னால நில்லுட்டி"ன்னு நிறுத்திருவேன். கால நீட்டி உக்காந்தா வாய் தொறக்க மாட்டேன், ஒரு பார்வைதான், சுருட்டிக்கிடுவா. அம்புட்டு நல்ல புள்ள. ஒருத்தர் ஒரு சொல்லு சொல்ல விடல நான், கேட்டியா. ஆனா பாரு, எங்க இருந்துதான் வந்துச்சோ, அம்புட்டு வெக்கம் அந்தப் புள்ளைக்கு! ஆஸ்டல்ல கூட இருக்கிற புள்ளைக முன்னால துணி மாத்த மாட்டாளாம். இந்தக் காலத்துப் புள்ளைக்கு இதெல்லாம் தேவையா? யாரப் பாத்துப் படிச்சாளோ.

சரி, அளவுக்கு வாரேன். ஒரு ஞாயித்துக்கெழமை காலையில கதவச் சாத்தித் தாழ்ப்பாளப் போட்டு, கண்ணாடியச் செவத்தப் பாக்கத் திருப்பி வச்சிட்டு எடுத்தேன். ஜெசிந்தா போட்டுக் குடுத்த எடத்துல எல்லாம் ஒழுங்காத்தான் எடுத்தேன். தொழில்ல நான் பொய் பண்ண மாட்டேன். அப்புறம் பொன்மாரிக்குப் போன் போட்டேன். மொதல்ல கணுக்கால். "ஒம்பதரை"ன்னேன். "ஒம்பதரை"ன்னு அவ சத்தமாத் திருப்பிச் சொல்றா. பின்னால ஆஸ்டல் புள்ளைக சிரிச்சுப் பேசுற சத்தம் கேக்கு. அதுக எதுக்குச் சிரிச்சுச்சுகளோ! "திருப்பிச் சொல்லாதட்டி"ன்னேன். "சரியா எழுதணும்லம்மா, கெண்டைக்கால் எவ்வளவு"ங்கிறா.

டேப்புல ஒரு நம்பர் காட்டுச்சு. அது என்னன்னு உங்கிட்டயும் சொல்ல மாட்டேன், கேக்காத. அதுல ரெண்டு இஞ்சு கொறச்சுச் சொன்னேன். முட்டிக்கு ரெண்டு. தொடைக்கு ரெண்டு, மேல் தொடைக்கு இன்னும் கொஞ்சம் கூடக் கொறச்சிட்டேன். அவ ஒவ்வொண்ணாத் திருப்பிச் சொல்லிக்கிட்டே வந்தா.

பொய்யின்னு சொல்லாத. இழுவுற துணிக்கு ரெண்டு இஞ்சு கொறச்சு வெட்டுறது டைலர் வழக்கம்தான். லெக்கின்ஸ் எல்லாம் அப்படித்தான் தைப்போம். ஆனா அந்தக் கம்பெனிக்காரன் என்ன செஞ்சிருக்கான்னா, அவனும் அவன் பங்குக்குக் கொறச்சுத்தான் பின்னுவானாம். அது எனக்கு யாரு சொன்னா? ஜெசிந்தா சொல்லியிருக்கணுமா இல்லையா? வெறுங்கால் அளவு வெறுங்கால் அளவுன்னாளே தவிர, இதச் சொன்னாளா அவ?

சாக்ஸ் பார்சல்ல வந்த அன்னைக்கே கதவச் சாத்திக்கிட்டுப் போட்டுப் பாத்தேன். ரப்பர் கையொறை போட்டுக்கிட்டுத்தான் ஏத்தணும், நகம் பட்டா போயிரும். ஏத்துறேன், ஏத்துறேன், முட்டியத் தாண்ட மாட்டேங்குது. மூச்சப் புடிச்சு ஏத்துனா அங்கனயே கடிச்சு நின்னுக்கிருச்சு. கால் வெரலெல்லாம் நாவப்பழக் கலரா ஆயிருச்சு. கழட்டவும் முடியல. தரையில விழுந்து கெடந்து ஒத்த ஆளா உருட்டி உருட்டிக் கழட்டுனேன். அவரு வெளிய நின்னு, "கனி, நான் வந்து இழுக்கவா"ன்னு கதவத் தட்டுறாரு. "போங்க அங்கிட்டு"ன்னு கத்துனேன். அந்த மனுசன் போயி வாசல்ல உக்காந்துக்கிட்டாரு.

சரி, துணிதான, பத்தலன்னா பிரிச்சு விட்டுற வேண்டியதுதானன்னு தோணுச்சு. நான் பிரிச்சுத் தைக்காத துணி உண்டா? பின் தையல பிளேடால பிரிச்சேன். லைனிங் துணியில பட்டி வெட்டி நடுவுல குடுக்கலாம்னு. பிளேடு வச்சதுதான் தெரியும் தாயி, ஒரு நூலு விட்டுச்சு, அதுகூட இன்னொண்ணு, கடகடன்னு மேல வரைக்கும் ஓடிருச்சு. நான் கையால அமுக்கிப் புடிக்கிறேன், வெரலு இடுக்குல ஓடுது. எம் மக அலைஞ்சு திரிஞ்சு வாங்கிக் குடுத்தது. வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில கொண்டுபோயித் திணிச்சேன்.

அன்னைக்கே போன் போட்டுட்டா. "எப்படிம்மா இருக்கு?" நான் என்ன சொல்ல? "நல்லா இருக்குட்டி, பஞ்சு மாதிரி நடக்கேன்"னேன். அந்தப் பக்கம் அழுவுறா, சந்தோசத்துல. அப்புறம் சொல்றா, "அம்மா, எனக்கும் அப்படித்தான்மா இருக்கு. கிளாஸ்ல நின்னா வலிக்கும்மா. உனக்குச் சரியாச்சுன்னா நானும் போட்டுக்கிடலாம்னு இருந்தேன். ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு"ங்கிறா. பெத்த தாய்கிட்டச் சொல்ல வெக்கமாம்! கேட்டியா கூத்த?

எனக்குத் தெரியாதா? கண்ணால பாத்தே ஜாக்கெட்டு தைக்கிறவ. அந்தப் புள்ளை கெண்டைக்கால் ஒவ்வொரு தீவாளிக்கும் எம்புட்டு ஏறியிருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்யச் சொல்ற? வாய்விட்டுச் சொன்னா அது நெசமாயிரும்லன்னு இருந்தேன்.

அப்புறம் அவளே தனியாப் போயிக் காட்டியிருக்கா. டாக்டரம்மா அவளப் பாத்துட்டு, இந்த வயசுலயே தாங்கிப் புடிச்சா வலி ஏறாமப் பாத்துக்கிடலாம், ஓடலாம் ஆடலாம், அம்மா அளவுக்கு விட்டுறாதன்னு சொல்லியிருக்காக. இன்னைக்குத்தான் அவளுக்கு அளவெடுக்கிற நாளு. அவ என்ன சொல்றா தெரியுமா? "அம்மா, நீ மொதல்ல அந்தப் பலகையில ஏறி நில்லு. ஜெசிந்தா அக்கா உன் சாக்ஸப் பாக்கணுமாம். உனக்கு எடுக்கட்டும், அப்புறம் நான் நிக்கேன். நீ நிக்கலன்னா நானும் நிக்க மாட்டேன்." பிடிவாதம் பாத்தியா? இதுக்காகத்தான் மொதல் பஸ்ஸப் புடிச்சு ஓடுறேன். நான் நிக்கலன்னா அவ எடுக்க மாட்டா. அவ எடுக்கலன்னா... இந்தா, எங் காலு மாதிரி அவளும் சுமந்துக்கிட்டுத் திரியணும்.

அந்தப் பிஞ்சது இந்தப் பையிலதான் இருக்கு. எலி கடிச்சிருச்சுன்னு சொல்லலாம்னு இருக்கேன். நம்புவாகளா? பிளேடு தடம் தெரியுமோ? காயப் போட்டேன், குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சுன்னா? கோவில்பட்டியில ஏது குரங்குன்னு கேட்டா? எலிதான் சரி. "எனக்குத் தலை சுத்துதுட்டி, நீ போயி நின்னுட்டு வா, நான் வெளிய உக்காந்திருக்கேன்"னு சொன்னா முடிஞ்சுபோச்சு. தலை சுத்துதுன்னா யாரும் பலகையில ஏறச் சொல்ல மாட்டாகள்ல?

இரு, போனு. அவதான்.

சொல்லுட்டி. திருமங்கலம் வரப் போகுது. ... என்னது? ... வரவேண்டாமா? ஏன்? ... ஓ. நீயே எடுத்துட்டியா? ஆஸ்டல்லயா? ... சரி. ... சரிட்டி.

தாயி, கேட்டியா? அவளே அளந்துக்கிட்டாளாம். பாத்ரூம்புக்குள்ள தாழ்ப்பாப் போட்டுக்கிட்டு. ஜெசிந்தாகிட்ட நம்பரக் குடுத்துட்டு காலேஜுக்குப் போறாளாம், நான் அலைய வேண்டாமாம். அப்பாடா! சாமி கண்ணத் தெறந்துருச்சு. அந்தப் பலகையும் வேண்டாம், எலியும் வேண்டாம். திருமங்கலத்துலயே எறங்கி எதுத்த பஸ்ஸப் புடிச்சிற வேண்டியதுதான்.

ஏட்டி, இருக்கியா? எடுத்த அளவச் சொல்லு, சரியா எடுத்தியான்னு பாப்போம். ... ம். கணுக்கால் சரி. கெண்டைக்கால்? ... எத்தன? ... பதினஞ்சா? ... தொடை? ... ம்.

தாயி, அவ பொய் சொல்றா.

போன தீவாளிக்கு நான் தச்ச பேண்ட்டே கெண்டையில பதினேழு வச்சேன், அதுவே புடிக்குதுன்னா. இப்பப் பதினஞ்சுங்கிறா.

பொன்மாரி, நல்லாப் பாத்து எடுத்தியாட்டி? ... என்ன? ... துணி இழுவும்னா? யாரு சொன்னா உனக்கு, ரெண்டு இஞ்சு கொறச்சா சரியா இருக்கும்னு? ... நான் கடையில சொல்லிக் கேட்டியா. ... ஆமா. சொல்லுவேன்தான். ... பக்கத்துல யாருட்டி நிக்கா? ஆளுக இருக்காகளா? அதான் குசுகுசுன்னு பேசுறியா.

இல்ல. குடுக்காத. அந்தப் பேப்பரக் குடுக்காதட்டி! அது உனக்கு முட்டியத் தாண்டாது. கடிச்சுக்கிடும். ... எனக்கு எப்படித் தெரியுமா? எனக்கு அது ஏறவே இல்லட்டி. ஒருநா கூடப் போடல. பிரிச்சேன், பிஞ்சு போச்சு. மூட்டைக்கு அடியில போட்டு வச்சிருந்தேன். ... ஆமா. பஞ்சு மாதிரின்னு சொன்னேன். நடக்கலட்டி. இன்னும் கையால தூக்கி வச்சுத்தான் பெடல மிதிக்கேன்.

... பேசு பொன்மாரி. ... ஏட்டி.

வச்சிட்டாளா? இல்ல, லைன்ல இருக்கா. மூச்சுச் சத்தம் கேக்கு.

நான் வாரேன். நான் வந்து ஏறி நிக்கேன், நீ பாரு. ... நம்பலையா? நம்மூரு மாரியம்மன் மேல சத்தியம். ... இன்னும் நம்பலையா நீ? சரி. பேனா இருக்கா கையில? அந்தப் பேப்பரத் திருப்பி வச்சு எழுது. என் அளவச் சொல்றேன். நெச அளவு. ... பஸ்லதான் இருக்கேன். ... ஆளு இருக்கத்தான் செய்றாக, நெறைய இருக்காக. ... மெதுவாச் சொன்னா இந்த எரைச்சல்ல உனக்கு எப்படிக் கேக்கும்?

கெண்டைக்கால் இருபது. ... இருபதுட்டி. ரெண்டு பத்து. ... பதினெட்டு இல்ல.

முன் சீட்டுக்காரரு திரும்பிப் பாக்குறாரு தாயி. கண்டக்டரும் பாக்குறாரு. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது, மூஞ்சிய எங்க கொண்டு வைக்கன்னு தெரியல. உங் கையக் குடு செத்த, புடிச்சுக்கிடுறேன்.

இருக்கேன், இருக்கேன். முட்டி இருபத்திமூணு. தொடை... தொடை முப்பத்தியொண்ணு. ... முப்பத்தியொண்ணு! கேட்டுச்சா? ... அழாதட்டி, எழுது. எழுதிட்டியா?

சரி. இப்ப உன்னோடதச் சொல்லு. சத்தமாச் சொல்லு, அங்கன நிக்கிறவுக கேட்டாலும் பரவால்ல. நானும் திருப்பிச் சொல்றேன்.